பொட்டு வைத்த பூனைக்குட்டிகள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்கும் தோசை மாவுக்கும் நடுவில் காட்டுப்பூனையின் மலம் பல மாதம் குடியிருந்தது. இருமலுக்கு வாங்கி வைத்த லேகியம் என்று நினைத்து என் வீட்டுக்காரர் ஒரு நாள் குப்பியின் மூடியைத் திருகினார். அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. பொன்னேரியில் எங்கள் தெரு முனை வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். கத்தியதில் தப்பே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

கொண்டுவந்து வைத்தவள் மாடிப் போர்ஷனில் குடியிருந்த பெண். கோயம்புத்தூர்ப் பக்கம். வெப்பக் காடுகளில் வாழும் சின்னப் பூனை இனங்கள் எந்தக் காலத்தில், எந்த இடத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன என்று ஆராய்ச்சி செய்கிறேன் என்று வாடகைக்கு வந்த அன்றே சொல்லியிருந்தாள். அந்த நீள வாக்கியத்தில் என் காதில் விழுந்தது ஆராய்ச்சி என்ற ஒரு சொல்தான். ஆராய்ச்சி செய்கிறவள் ராத்திரியில் பாட்டுப் போட்டு ஆடமாட்டாள் என்று கதவைத் திறந்துவிட்டேன். அவள் விடிந்தும் விடியாமலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஏரிக்கரை, வயல் வரப்பு, கவரைப்பேட்டைக்கு அந்தப் பக்கத்து முள்ளுக்காடு என்று தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று நினைத்து உதவிக்குப் போனவர்கள் உண்டு. மருந்து மாதிரி ஒரு பொருள், குளிரில் வைக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது ஃபிரிட்ஜில் இடம் கொடுத்தவள் நான்தான்.

நான் கத்தி முடிக்கும் வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "மூடியெல்லாம் இறுக்கமா இருக்குதுங்க அக்கா. அதுக்குள்ள ஒரு பூனையோட பரம்பரைக் கதை முழுசும் இருக்குதுங்க."

"கதை இருந்தா புஸ்தகத்துல இருக்கட்டும். என் ஃபிரிட்ஜுல இன்னாத்துக்கு?" என்றேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. அத்தனை வெயிலில் அலைந்து பொறுக்கியதைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடித்தட்டில் இருந்த காய்கறி டப்பாவை அவளுக்கு ஒதுக்கினேன். என் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வெளியே கூடைக்கு வந்தன. வாடகையாக அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று கறாராகப் பேசினேன். அவள் சிரித்தபடி ஒரு போட்டோவைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு பூனை. முதுகில் இரும்புத் துரு படிந்ததுபோல் வரிசையாகப் புள்ளிகள். நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடுகள். வளர்ந்த பூனையே நம் வீட்டுப் பூனையில் பாதிதான் இருக்கும், இதைத்தான் தேடுகிறேன் என்றாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் நான் காய் நறுக்க, அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து சொல்லுவாள். அவள் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். புலி, சிங்கம், சிறுத்தை, நம் வீட்டில் மீன் தலைக்குக் கத்துகிற பூனை எல்லாமே ஒரே குடும்பம். ஏறக்குறைய ஒரு கோடி வருஷத்துக்கு முன் ஆசியக் காடு ஒன்றில் அவற்றின் மூதாதை திரிந்தது. முதலில் தனிக்குடித்தனம் போனது புலி, சிங்கக் கூட்டம். பிறகு ஒவ்வொரு கூட்டமாகக் கிளம்பியது. கடைசியில் கிளம்பியவற்றில் ஒரு கிளையில்தான் வீட்டுப் பூனை பிறந்தது. நம் வயல்பக்கம் திரிகிற காட்டுப்பூனை அதற்கு நெருங்கிய பங்காளி. அந்தக் கிளையை ஒட்டியே இன்னொரு கிளை, ஆசியாவின் மழைக்காடுகளில். சிறுத்தைப் பூனை அதில்தான் வந்தது. தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கிற பூனையும் அதில்தான். மலேயாப் பக்கத்துச் சேற்றுக் காடுகளில் தட்டைத் தலையோடு ஒரு பூனை இருக்கிறதாம், அதுவும் அந்தக் கிளைதான். கடல் ஏறி வந்தபோது காடு துண்டு துண்டாகித் தீவுகளானது. தீவில் மாட்டிக்கொண்ட பூனைகள் காலப்போக்கில் வேறு பூனைகளாயின. கடல் உள்வாங்கியபோது வழி திறந்தது, மறுபடியும் நடந்தன.

"இந்தப் போட்டோல இருக்கிறது?" என்று கேட்டேன்.

அந்தக் கிளையில் எல்லோருக்கும் முன்னால் விலகி நடந்தது துருப்புள்ளிப் பூனைதான் என்றாள். மற்றவை ஈரக் காட்டைப் பிடித்துக்கொள்ள, இது வறண்ட காட்டுக்கும் முள்ளுக்கும் பாறைக்கும் பழகிக்கொண்டது. இந்தியா, நேபாளம், இலங்கை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இலங்கையில் மட்டும் மழைக்காட்டிலும் இருக்கிறது. நம் கடற்கரைச் சமவெளியில் இருக்கும் பூனை இலங்கைப் பூனையைவிட்டு எப்போது பிரிந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு இந்தப் பக்கத்துப் பூனையின் மரபணு வேண்டும், மலத்திலிருந்தே அதை எடுக்கலாமாம். குப்பிகளில் இருந்ததெல்லாம் கடைசியில் நரி என்றும் மரநாய் என்றும் சாதாரணக் காட்டுப்பூனை என்றும்தான் தெரியவந்தது. ஃபாக்டரிப் புகைக்கு நடுவில் அந்தப் பூனை எங்கே இருக்கப் போகிறது என்று அவளுடைய பேராசிரியரே சலித்துக்கொண்டாராம். அவள் சலித்துக்கொள்ளவில்லை. மறுநாளும் சைக்கிள் கிளம்பியது.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் மட்டும் தீரவே இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பூனைகள் எப்படி வேறு வேறு கிளையாக முடியும்? அதற்கு விடை என் வேலையிலேயே இருந்தது. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் ஸ்டோர் இன்சார்ஜ். எல்லோரும் ஸ்டோரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அரை இஞ்ச் போல்ட்டையும் பன்னிரண்டு எம்.எம். போல்ட்டையும் பக்கத்தில் வைத்தால் புதிதாக வருகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. நட்டை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும், மரை, அதாவது திருகு ஓடுகிற பள்ளம், வேறு. ஒன்று இங்கிலீஷ்காரன் வழி வந்தது, இன்னொன்று வேறு வழி. "அப்போ உன் பூனைக்கும் மரைதான் வேறன்னு சொல்றே" என்றேன். அவள் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஃபவுண்டரி தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருக்கிறது. பின்சுவருக்கு அப்பால் முள்ளுக்காடு, அதற்கும் அப்பால் ஏரி. சுவரின் அடியில் மழைத் தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டை உண்டு. கெட்டுப்போன வார்ப்புகள், உடைந்த பெட்டிகள், யாருக்கும் வேண்டாத பெரிய இரும்புக் குழாய் ஒன்று, எல்லாம் பின் யார்டில் கிடக்கும். வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அங்கே துடைப்பம் படும். அது ஆயுத பூஜை அன்று விடியற்காலையில்.

எங்கள் முதலாளி மற்ற நாளில் சாமி பூதம் என்று அலட்டிக்கொள்ள மாட்டார். ஆயுத பூஜை மட்டும் வேறு. ஃபர்னஸ் பேனலுக்கும் கிரேன் கொக்கிக்கும் எடைமேடைக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். கற்பூரம் காட்டிய பிறகு, மறுநாள் பூஜை முடிகிற வரை பூஜையில் வைத்த எதையும் யாரும் தொடக்கூடாது. ஒரு தடவை பழக்கதோஷத்தில் ஸ்டேப்ளரை எடுத்த அக்கவுண்டன்டை அவர் பார்த்த பார்வையில் அந்த மனுஷன் ஸ்டேப்ளரைக் கீழே வைத்ததோடு சேரையும் விட்டு எழுந்துவிட்டார்.

பூஜை அன்று காலை. எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வாழைக்கன்று கட்டியாயிற்று, பொரியும் சுண்டலும் தயார். நான் ஸ்டோரில் சாவிக்கொத்துகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரே கும்பல், சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். எங்கள் ஃபவுண்டரியில் பெருக்குகிற அக்கா, என் வயதுதான் இருக்கும், ஒரு அட்டைப் பெட்டியைப் பூஜைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். உள்ளே சாக்குத் துணி, அதன்மேல் மூன்று பூனைக்குட்டிகள். மூன்றின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். பின் யார்டைக் கூட்டும்போது குழாய்க்குள்ளிருந்து கிடைத்தனவாம்.

"இதுங்களுக்கு ஏன்டி பொட்டு வெச்சே?" என்றேன்.

"பூஜ நாளா பாத்து வந்துக்குது யக்கா. ஃபோர்க்லிஃப்டுக்கே வெச்சாச்சு, உசுரு இருக்கறதுக்கு வெக்காம உடலாமா?" என்றாள். அவள் பக்கத்து நியாயத்தை என்னால் மறுக்க முடியவில்லை.

ஒரு மூடியில் பால் ஊற்றி வைத்திருந்தாள். குட்டிகள் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. நான் கையை நீட்டியதும் ஒன்று வாயைத் திறந்து சீறியது. உள்ளங்கை அளவுகூட இல்லாத உடம்பு, அதற்குள் அத்தனை கோபம். எனக்கு அந்தக் கோபம் பிடித்துப்போனது. குனிந்து பார்த்தேன். முதுகில் கறுப்புப் புள்ளிகள் நூல் பிடித்த மாதிரி வரிசையாக இருந்தன. குங்குமத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு என் கண்முன் வந்தது. புள்ளி துரு நிறத்தில் இல்லையே என்று ஒரு குழப்பம். இருந்தாலும் செல்போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். சைக்கிளை ஸ்டேஷனில் போட்டுவிட்டு அடுத்த யூனிட் ரயிலைப் பிடித்து வருகிறேன் என்றாள். நான் சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

அதற்குள் முதலாளியின் மகள் வந்துவிட்டாள். மூன்றாவதோ நான்காவதோ படிக்கிற பெண். பெட்டியைப் பார்த்ததும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, எனக்கு ஒண்ணு" என்றாள். பூஜை முடியட்டும், எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் அவர். மீதி இரண்டில் ஒன்றை வாட்ச்மேன் கேட்டார், இன்னொன்றைக் கிரைண்டிங் செக்‌ஷனில் யாரோ கேட்டார்கள். ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்தாயிற்று.

மாடி வீட்டுப் பெண் வியர்வை சொட்ட வந்து சேர்ந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள்.  பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு குட்டியை மெதுவாகத் திருப்பினாள், வயிற்றைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள்.  குட்டியாக இருக்கும்போது புள்ளி கறுப்பாகத்தான் இருக்கும், வளர வளரத்தான் துரு நிறம் வரும் என்று முணுமுணுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுப் பூனை இல்லைங்க அக்கா. மரை வேற" என்றாள்.

 ஒரு கோடி வருஷம் காடு காடாக நடந்து வந்த ஒரு வழி, எங்கள் ஃபவுண்டரியின் கெட்டுப்போன வார்ப்புகளுக்கு நடுவில் வந்து குட்டி போட்டிருக்கிறது. நாங்கள் அதற்குப் பொட்டு வைத்துப் பால் ஊற்றியிருக்கிறோம்.

அவளுக்கு அந்த நிமிஷம் எத்தனை ஆசை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தவள். இப்போது மூன்றும் கைக்குள். ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் அவள் ஆராய்ச்சி முடிந்தது. எடுத்துக்கொள்ளேன் என்று நானே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அனுமதி இல்லாமல் தொடுவதே தப்பு என்றாள். அதைவிட, குட்டிகள் மிகவும் சின்னவை, தாய்ப்பால் இல்லாமல் நாளைக்குள் ஒன்றிரண்டு போய்விடும் என்றாள். உடனே எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். இன்று பொழுது சாய்ந்ததும் தாய் தேடி வரும். வருமா வராதா என்பது ஒன்றைப் பொறுத்துத்தான் என்றாள்.

"சந்தன வாசனைக்கு ஒதுக்கிடுமா?" என்று கேட்டேன்.

"வாசனைக்காகக் குட்டியை விட்டுட்டுப் போறதில்லைங்க. ஆள் இருந்தாத்தான் வராதுங்க."

அங்கேதான் சிக்கல். முதலாளியிடம் போனோம். நல்ல மனுஷன், ஆனால் மகள் விஷயத்தில் மெழுகு. இவள் வனவிலங்குச் சட்டத்தைச் சொன்னாள், பூனைக் குடும்பத்தின் நீளக் கதையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பூனைக்கெல்லாமா சட்டம் என்று சிரித்தார். பூஜை முடிந்து பேசிக்கொள்ளலாம், அதுவரை வேண்டுமானால் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பூஜை முடிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஊரிலுள்ள பிள்ளைகள் அத்தனையும் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைச் சுற்றி நிற்கும். ராத்திரி வரைக்கும் அந்த யார்டில் திருவிழாதான்.

பின் யார்டுக்குப் போனோம். என் கைக்குட்டையை வாங்கி, ஈரம் படாமல், மூன்று நெற்றியிலும் இருந்த சந்தனத்தை அவள் துடைத்தெடுத்தாள். குட்டிகளைப் பழைய குழாய்க்குள் பழைய இடத்திலேயே விட்டாள். அந்த வருஷத்தில் முதல் தடவையாக அழுக்குப் போன சிமெண்ட் தரையில், குழாய்க்கும் சுவர் ஓட்டைக்கும் நடுவில், பெருக்குகிற அக்கா அன்று காலையில் பெரிய கோலம் ஒன்று போட்டிருந்தாள். அதை மிதிக்காமல் சுற்றி வந்தோம். முன்னால் மணி அடிக்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. பின் யார்டு கேட்டை இழுத்துப் பூட்டினேன். அந்த யார்டுக்கு ஒரே சாவி, அதுவும் ஸ்டோர்ப் பொறுப்பில். ஓட்டமும் நடையுமாக முன்னால் வந்தேன். சாவிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மற்ற சாவிக்கொத்துகளோடு சாமி படத்தின் அடியில் வைத்தேன். வைத்துக் கையை எடுக்கவும் கற்பூரம் கொளுத்தவும் சரியாக இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடிந்ததும் முதலாளி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பின் யார்டு சாவி எங்கே என்று கேட்டார்.

"பூஜையில இருக்குது சார்" என்றேன்.

அவர் திரும்பி அந்தச் சாவியைப் பார்த்தார். குங்குமம் பளிச்சென்று இருந்தது. சுற்றி மொத்த ஃபவுண்டரியும் நிற்கிறது. அவரே வருஷா வருஷம் போட்ட சட்டம். என்னைப் பார்த்தார், மறுபடியும் சாவியைப் பார்த்தார்.

"திருட்டுப் பூனை யாருன்னு இப்பத் தெரியுது ஸ்டோரம்மா" என்றார். நான் இன்னும் கொஞ்சம் சுண்டல் வேண்டுமா என்று கேட்டேன்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடி வீட்டுப் பெண் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் குட்டிகளின் அம்மா எத்தனை சின்னது என்று இரண்டு கையாலும் அளந்து காட்டினாள். அந்தச் சின்ன அம்மா இன்று சாயங்காலம் பயந்து பயந்து வரும் என்றாள். குழந்தை யோசித்தது.

"வரலன்னா?" என்று கேட்டது.

 வராவிட்டால் குட்டிகள் அந்தக் குழாய்க்குள்ளேயே கிடக்கும், காலை வரைக்கும் யாரும் திறக்க முடியாது, பூட்டியது நான். பொட்டு வைக்கும்போது இருந்த தைரியம் குழந்தையின் அந்தக் கேள்வியில் வடிந்துபோனது.

பின்சுவருக்கு வெளியே முள்ளுக்காட்டில் ஒரு மறைவில் உட்கார்ந்தால் தாய் வருவதைப் பார்க்கலாமே என்று ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அவளிடம் கேட்டேன். இத்தனை நாளில் ஒரு துருப்புள்ளிப் பூனையைக்கூட அவள் உயிரோடு கண்ணால் பார்த்ததில்லை. வேண்டாம் என்றாள். தான் உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரிந்துவிடும், ஒரு மணி நேரம் தாமதமாக வரும், அந்த ஒரு மணி நேரம் குட்டிக்குப் பெரிசு என்றாள். யூனிட்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தன் வாழ்க்கையில் பார்க்க ஆசைப்பட்ட ஒரே ஒரு காட்சியை அதன் நல்லதுக்காகப் பார்க்காமல் வருகிற ஒருத்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவள்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்ததும் பூரி போட்டுக் கொடுத்தேன், ஒன்றோடு எழுந்துவிட்டாள்.

துவைக்கலாம் என்று பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். விளக்குக்கு நேரே விரித்துப் பிடித்தாள். காய்ந்த சந்தனத்தில் பூ மாதிரி மெல்லிய முடிகள் ஒட்டியிருந்தன, சிலவற்றின் நுனியில் வேரும் இருந்தது. முடியின் வேரில் கதை இருக்கும் என்று அவள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. சின்னப் பொட்டலமாக மடித்து என்னிடமே கொடுத்தாள். நானே அதைக் கொண்டுபோய்க் காய்கறி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை விஜயதசமி. முதல் யூனிட்டிலேயே போய்விட்டோம். முதலாளி எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். மகளுக்குத் தலைகூடச் சரியாக வாரவில்லை, ராத்திரியெல்லாம் அதே கேள்விதானாம். அவசர அவசரமாகக் கற்பூரம் காட்டினார். சாமி படத்தின் அடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தபோது அவர் முகத்திலும் கவலை இருந்தது.

கேட்டைத் திறந்தேன். மாடி வீட்டுப் பெண் டார்ச்சோடு குழாய்க்கு முன்னால் குப்புறப் படுத்தாள். நாங்கள் பின்னால் நின்றோம். அவள் எழுந்திருக்கவே இல்லை.  பெருக்குகிற அக்காதான் என் தோளைத் தொட்டுத் தரையைக் காட்டினாள்.

கோலமாவில் காலடிகள். எட்டணாக் காசு அளவுகூட இல்லை, நகமே படாத வட்டக் காலடிகள். சுவர் ஓட்டையிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து ஓட்டைக்கு. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கோலத்தின் ஒரு பக்கத்தையே கலைத்திருந்தன.

"ஒவ்வொண்ணா கவ்விக்கினு பூட்ச்சு யக்கா. மூணையும் இட்டுக்கினு பூட்ச்சு" என்றாள் அவள்.

அதற்குப் பிறகுதான் மாடி வீட்டுப் பெண் எழுந்தாள். குழாய் காலி என்று சொல்ல வந்தவள் கோலத்தைப் பார்த்தாள். அதன் ஓரத்திலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. முதலாளியின் மகள் அவள் பக்கத்தில் போய்க் குந்தி, அந்தக் காலடிக்குப் பக்கத்தில் தன் சுண்டுவிரலை வைத்து அளந்து பார்த்தாள்.

மாடி வீட்டுப் பெண் அந்த வருஷக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூருக்கே போய்விட்டாள். ரொம்ப நாள் கழித்துப் போன் வந்தது. அந்த முடிகள் துருப்புள்ளிப் பூனையுடையவைதானாம், சந்தேகமே இல்லை. இலங்கைப் பூனையோடு சொந்தம் தெரிகிறது, ஆனால் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது, நடுவில் கடல் வருவதற்கு முன்பே விலகியிருக்கலாம் என்றாள். ஒரே குடும்பத்து முடியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டாள். அவளுடைய அந்தக் கவனம்தான் எனக்கு அவளிடம் மிகவும் பிடித்தது. இந்தப் பக்கம் அந்தப் பூனை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாதில்லையா என்று கேட்டேன். முடியாதுங்க அக்கா என்றாள்.

அதிலிருந்து எங்கள் ஃபவுண்டரியில் பூஜையில் முதலில் வைக்கிற பொருள் பின் யார்டு சாவி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்படியே ஆகிவிட்டது. கற்பூரம் கொளுத்துவதற்கு முன் முதலாளி என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் தலையை ஆட்டுவேன். அந்தக் குழாயைப் பழைய இரும்புக்குப் போட அவர் சம்மதிக்கவே இல்லை. பெருக்குகிற அக்கா குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் கோலம் போடுவாள், மறுநாள் எல்லோரும் கேட்டுக்கு முன்னால் வரிசை கட்டுவோம். அடுத்த வருஷம் கோலம் போட்டது போட்டபடி இருந்தது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. கேட்டைச் சாத்திவிட்டு வேலைக்குத் திரும்பினோம்.

அதற்கும் அடுத்த விஜயதசமியில் கேட்டைத் திறந்தபோது கோலத்தின் குறுக்கே அதே வட்டக் காலடி ஒரு வரிசை போயிருந்தது. அதன் பின்னாலேயே, அங்கும் இங்கும் தடுமாறிக்கொண்டு, பொட்டு அளவில் இன்னும் சின்னக் காலடிகள். நான் செல்போனை எடுத்துக் கோயம்புத்தூருக்கு, அவளுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆள் இருந்தால் தாய் வராது என்று முதலாளி கேட்டுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். அன்று மதியம் வரை அவர் மகளைக்கூட உள்ளே விடவில்லை.